படியும் மூலமும்

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு சிறு நிகழ்ச்சி நேர்ந்தது. ஏட்டுச் சுவடிகளைப்பற்றி வகுப்பிற் பன்முறை கேட்டும் நான் உணராதிருந்த ஓர் உண்மையை அஃது எனக்கு உணர்த்திற்று. அதனை நண்பர்களுக்குக் கூறுதல் தகுமென்று கருதி இதனை எழுதலானேன்.

எங்கள் ஊர் லோயர் கேம்ப். குமுளி மலைப்பாதை ஏறத் தொடங்குமிடத்தில், பெரியாற்று நீர் பெருங்குழாய்களின் வழியே இறங்கி மின்சாரம் பயக்கும் சிற்றூர் அது. என் தந்தையார் ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்பை ஓட்டுபவர். என் தம்பி கால் முறிந்து ஆறு திங்கள் படுக்கையிற் கிடந்தபொழுது, அவன் மனந்தளராதிருக்கும் பொருட்டு, ஒருவர் பயன்படுத்திய ப்ளேஸ்டேஷன் 4 என்னும் ஆட்டப்பெட்டியை அவர் வாங்கிக் கொடுத்தார்.

2013-ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வகைப் பெட்டியில் 500 ஜி.பி. கொள்ளும் ஹார்டு டிஸ்க் உண்டு. இவ்விடுமுறையில் அது 'டக், டக்' என்று ஒலிக்கத் தொடங்கிற்று, இடமும் நிறைந்துவிட்டது. ஆதலின் 1 டி.பி. டிஸ்க் ஒன்றை வாங்கி மாற்றத் துணிந்தேன்.

முதலிற் பெட்டியின் மென்பொருளை அண்மைப் பதிப்புக்கு உயர்த்தினேன். பிறகு யு.எஸ்.பி. டிஸ்க் ஒன்றைச் செருகித் தம்பியின் ஆட்டப் பதிவுகளுக்குப் படி எடுத்தேன். மின்னிணைப்பைத் துண்டித்து, மேலுள்ள பளபளப்பான மூடியை நகர்த்தி, ஒற்றைத் திருகாணியைக் கழற்றிப் பழைய டிஸ்க்கை வெளியே எடுத்துப் புதியதைப் பொருத்தினேன். மின்பொத்தானை இரண்டாம் ஒலி கேட்குமளவும் அழுத்திப் பிடித்து, மென்பொருளை மீண்டும் நிறுவிப் படியிலிருந்த பதிவுகளையும் ஏற்றினேன். யாவும் எளிதாகவே முடிந்தன. கணினியின்முன் அமர்ந்து, பழைய டிஸ்க்கை அழித்து வேறு பயனுக்குக் கொள்ள முற்பட்டேன்.

"அண்ணே, கொஞ்சம் பொறு. எல்லாம் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு அழிக்கலாம்" என்றான் தம்பி. சிறுவன் சொல்லென்று நகைத்தேன், ஆயினும் பார்த்தோம். ஆட்டங்கள் விட்ட இடத்தினின்றே தொடங்கின. ஆனால் அவன் வென்ற ட்ராபிகளுள் ஒன்றுகூட அங்கில்லை. அவன் முகம் வாடிற்று. நடக்கவியலாத அந்த ஆறு திங்களில் அவன் ஈட்டியவை அவை மட்டுமே.

பிறகே வழிகாட்டும் குறிப்பை முழுதும் படித்தேன். ட்ராபிகள் இந்தப் படியிற் சேரா. அவற்றை முன்னதாகவே இணையத்தின்வழி நிறுவனத்தின் சேவையகத்தோடு ஒத்திசைத்தல் வேண்டும். எங்கள் வீட்டிலோ இணைய வசதி இல்லை. கணக்குத் தொடங்கிய நாளுக்குப் பின் அப்பெட்டி இணையத்தைக் கண்டதேயில்லை. பழைய டிஸ்க்கை நடுங்கும் கையோடு மீண்டும் பொருத்தினேன். இருமுறை 'டக், டக்' என்று ஒலித்து அது விழித்துக்கொண்டது. தந்தையாரின் கைப்பேசியால் இணைப்புத் தந்தோம். ட்ராபிகள் சேவையகத்தைச் சென்றடைந்தன. புதிய டிஸ்க்கிலும் அவ்வாறே ஒத்திசைத்தபோது அவையனைத்தும் தோன்றின. தம்பி ஒன்றும் பேசாமல் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான்.

அன்றிரவு உ. வே. சாமிநாதையரவர்களை நினைத்தேன். 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த அப்பெரியார், ஒரு படியோடு அமையாது பல சுவடிகளைத் தேடிப் பெற்று, அவற்றை ஒப்புநோக்கினாரென்று தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவன் நான். பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவர்களை அறியாதவரென்று எள்ளியவனும் நானே. அவர்கள் செய்ததையன்றோ நானும் செய்யவிருந்தேன்! படியெடுத்தல் பாதி வேலை. மூலத்தோடு ஒப்புநோக்குதலே மறுபாதி. அது முடியுமளவும் மூலத்தைக் கைவிடலாகாது.

அப்பழைய டிஸ்க்கை நான் அழிக்கவில்லை. துணியிற் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன்.