பாரிவாக்கத்துப் பாட்டுப் பெட்டி

"வீட்டை இடிக்கப் போறாங்க கண்ணு. பில்டருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாச்சு. உனக்கு எதுனா வேணும்னா வந்து எடுத்துக்கினு போ" என்று பாரிவாக்கத்துச் சித்தி போன தை மாதம் போன் செய்தார்.

எனக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. "அந்தச் சிவப்புப் பெட்டி இருக்கா சித்தி?" என்றேன்.

"அது எங்கே போவும்? பரண் மேலதான் கிடக்குது. பாடுமான்னுதான் தெரியாது."

அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டேன். என்னோடு என் மகளும், எட்டாவது படிக்கும் பேத்தியும் வந்தார்கள். மகள் 'உம்'மென்று காரை ஓட்ட, பின் சீட்டில் பேத்தி காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தாயும் மகளும் பேசி நான்கு நாளாகியிருந்தது. பேத்தி தன் அறைச் சுவரில் தென் கொரியாவின் பி.டி.எஸ். பாடகர்கள் ஏழு பேரின் படத்தை ஒட்டி வைத்திருந்தாள். மகள் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டாள்.

மகளையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. 2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த மூன்று பள்ளிப் பெண்கள், இதே பாடகர்களைப் பார்ப்பதற்காக வீட்டை விட்டுக் கிளம்பிய செய்தி உங்களுக்கும் ஞாபகமிருக்கும். விசாகப்பட்டினம் போய், அங்கிருந்து கப்பலேறிக் கொரியாவுக்குப் போய்விடலாம் என்று அந்தக் குழந்தைகள் திட்டம் போட்டிருந்தார்கள். நல்ல வேளையாகக் காட்பாடி ரயில் நிலையத்தில் போலீஸார் பார்த்து மீட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து என் மகளுக்கு வயிற்றில் நெருப்புதான். "அந்தப் பொண்ணுங்களுக்கும் இவ வயசுதாம்மா!" என்று அடிக்கடி சொல்லிக்கொண்டே இருப்பாள்.

பாரிவாக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். திருக்கச்சி நம்பிகள் பிறந்த பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் சாலையில் இரண்டு மூன்று கிலோமீட்டர் போனால் வந்துவிடும். திருவேற்காட்டுக் கருமாரியம்மனும் பக்கத்தில்தான் இருக்கிறாள். நான் சிறுமியாக இருந்தபோது அங்கே ஏரியும், ஏரித் தண்ணீர் பாயும் நெல் வயல்களும், வைக்கோற்போர் வைத்த வீடுகளும் இருந்தன. சாயங்காலமானால் ஆவடி டேங்க் பாக்டரியில் ஷிப்டு முடிந்து சைக்கிளில் திரும்புகிறவர்களின் மணிச் சத்தம் கேட்கும். 1965-ல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய அந்தத் தொழிற்சாலையில்தான் சித்தப்பாவும் வேலை பார்த்தார். இப்போது வயல் இருந்த இடமெல்லாம் மனையும் மாடி வீடும்தான். சாலையைக் கடக்க ஐந்து நிமிஷம் காத்து நிற்க வேண்டியிருக்கிறது. சித்தி வீட்டுத் திண்ணை மட்டும் அன்று பார்த்த மாதிரியே இருந்தது.

பெட்டியை இறக்கித் துடைத்தோம். எச்.எம்.வி. பியஸ்டா ரிக்கார்டு பிளேயர். ஒரு தீபாவளி போனஸில் சித்தப்பா வாங்கியது. கூடவே ஒரு தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகளும் இருந்தன. சித்தப்பாவின் அப்பா காலத்துக் கனமான 78 சுற்றுத் தட்டுகள் நான்கைந்து. அவை கிராமபோனில் போடுகிறவை. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான் பாடும், பக்கத்துக்குப் பக்கம் முள்ளை மாற்ற வேண்டும், கீழே விழுந்தால் அப்பளம்போல் நொறுங்கிவிடும். மற்றவை 45 சுற்று ஓடும் சின்னத் தட்டுகள். குழாய்க்கு எதிரே நாய் உட்கார்ந்து கேட்கும் படத்தைப் பார்த்து, ஊரில் எல்லோரும் அவற்றை 'நாய் மார்க் தட்டு' என்பார்கள்.

அந்தச் சின்னத் தட்டுகளில் மேலாக இருந்தது 'நினைத்தாலே இனிக்கும்'. அதைக் கையில் எடுத்ததும் எனக்குப் பதினான்கு வயது திரும்பிவிட்டது!

* * *

பாலசந்தர் எடுத்த அந்தப் படம் 1979-ல் வந்தது. சிங்கப்பூருக்குப் போகும் ஒரு பாட்டுக் குழுவின் கதை. கமல்ஹாசன்தான் பாடகர். இசை எம்.எஸ்.விசுவநாதன். குரலோ எங்கள் எஸ்.பி.பாலசுப்ரமணியம்! அப்போது அம்பத்தூரில் எங்கள் வகுப்பில் இரண்டு கட்சிகள் இருந்தன. முகத்துக்குக் கமல், குரலுக்கு எஸ்.பி.பி. நான் குரல் கட்சி. ஆனால் இரண்டு படங்களையும் பத்திரிகையிலிருந்து வெட்டி, கணக்கு நோட்டுக்குள் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தேன்.

1980 முழுப் பரீட்சையில் கணக்கில் மார்க் குறைந்தது. அப்பா நோட்டைக் கேட்டார். அப்புறம் என்ன? நோட்டு நாலாகக் கிழிந்தது. ரேடியோ பீரோவுக்குள் போனது. இலங்கை வானொலியில் மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது குரல்களோடு விடிந்து கொண்டிருந்த வீடு ஊமையானது. "லீவுக்குப் பாரிவாக்கம் போய் வரட்டித் தட்டட்டும். அப்போதான் புத்தி வரும்" என்று தீர்ப்பாகிவிட்டது.

சித்தி அப்போது இரண்டு பசு மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் போய் இறங்கி மூன்று நாள் ஒன்றுமே கேட்கவில்லை. நான்காம் நாள் பால் கறந்துகொண்டே, "யாருடி அந்தப் பையன்? அப்படி என்னதான் பாடறான்?" என்றார்.

சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தவள், நிறுத்தவேயில்லை! 'அடிமைப்பெண்'ணில் பாட வைத்திருந்த புதுப் பையனுக்கு டைபாய்டு வந்ததையும், வேறு ஆளைப் போடாமல் எம்.ஜி.ஆர். அவனுக்காகக் காத்திருந்ததையும், 1969-ல் படம் வந்து அந்தப் பாட்டு ஊரெல்லாம் ஒலித்ததையும் மூச்சு விடாமல் சொன்னேன். சித்தி நுரை பொங்கிய செம்பை ஓரமாக வைத்துவிட்டு, "டைபாய்டா? பாவம், யாரு பெத்த பிள்ளையோ" என்றார்.

அடுத்த வாரம், பால் காசில் சேர்த்ததை முந்தானையில் முடிந்துகொண்டு என்னை மூர் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனார். பூந்தமல்லி போய், அங்கிருந்து நெடுஞ்சாலை வழியாக சென்ட்ரல் வரை பஸ். அந்தச் சிவப்புக் கட்டடத்தை இன்றைய இளம் தாய்மார்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். 1985 மே மாதத் தீ விபத்தில் எரிந்துபோனது. இப்போது அந்த இடத்தில்தான் புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. பழைய புத்தகம், கூண்டுக் கிளி, ஓட்டை விழாத பழைய டிரங்க் பெட்டி எல்லாம் அங்கே கிடைக்கும். தட்டுக் கடைக்காரர் கேட்ட விலையைக் கத்தரிக்காய் வாங்குவதுபோல் சித்தி பாதியாக அடித்தார். தட்டை வெளிச்சத்தில் சாய்த்து, புடவையில் இழை பார்ப்பதுபோல் கீறல் இருக்கிறதா என்று பார்த்தார். அது நான் தொட்ட முதல் இசைத்தட்டு.

அன்று ராத்திரி திண்ணையில் பெட்டியை வைத்துப் போட்டோம். சித்தப்பா, பக்கத்து வீட்டுப் பெண்கள், பால் வாங்க வந்தவர்கள் என்று ஒரு கூட்டமே உட்கார்ந்துவிட்டது. கரண்ட் குறையும்போது தட்டு மெதுவாகச் சுற்றி எஸ்.பி.பி.யின் குரல் இழுக்கும். "பையனுக்குத் தூக்கம் வந்துடுச்சு, படுக்கச் சொல்லு" என்பார் சித்தப்பா. திண்ணையே சிரிக்கும். லீவு முடிந்து ஊருக்குத் திரும்பியபோது, மறைத்து வைக்க எனக்கு ஒன்றுமே இருக்கவில்லை. கணக்கும் அடுத்த வருஷம் ஒரு வழியாக வந்துவிட்டது.

* * *

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்க, பேத்தி பெட்டியின் ஒயரைச் சொருகினாள். விளக்கு எரியவில்லை, மோட்டாரும் சுற்றவில்லை. அவள் விடவில்லை. தட்டை வைத்து, முள்ளை மெல்ல இறக்கி, விரலால் தட்டைச் சுற்றினாள். முள் முனையிலிருந்து கொசு பாடுவதுபோல் மிகச் சன்னமாக ஒரு குரல் வந்தது. "பாட்டி! பாடுது!" என்று கூவினாள். நான்கு நாளைக்குப் பிறகு அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

சித்தி என் மகளைப் பார்த்து, "படத்தைக் கிழிச்சியாமே?" என்றார். நான்தான் போனில் சொல்லியிருந்தேன்.

"பயமா இருக்கு சின்னப் பாட்டி" என்றாள் மகள்.

சித்தி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, இத்தனை வருஷத்தில் என்னிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"எனக்கும் பதினாலு வயசுதான். 'கல்யாணப் பரிசு' வந்த வருஷம். ஏ.எம்.ராஜா பாட்டுன்னா உசிரு. திருமழிசையில ஒரு கல்யாணத்துல சவுண்டு சர்வீஸ்காரன் அந்தத் தட்டைப் போட்டான். இஸ்கூல் விட்டு வந்தவ பையோட அங்கேயே நின்னுட்டேன். இருட்டினதே தெரியலே. எங்கப்பாரு வந்து பின்னலைப் புடிச்சு இழுத்துக்கினு போனாரு. மறுநாள்லேருந்து இஸ்கூல் கிடையாது. எட்டாவதோட சரி. நான் யாரைப் பார்த்தேன், யார்கிட்டே பேசினேன்? பாட்டுதானே கேட்டேன்!"

1959-ல் நடந்ததை நேற்று நடந்ததுபோல் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தாத்தாவே வாலிபத்தில் 'பாகவதர் கிராப்பு' வைத்துக்கொண்டு திரிந்தவர்! 1944-ல் வெளியாகி, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்பதைக் கடைசி வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆண் பிள்ளைக்கு அது ரசனை. பெண் குழந்தைக்கு மட்டும் அது கெட்ட புத்தி!

"அப்புறம் இவளை இவங்கப்பா இங்கே அனுப்பினாரே, அப்போ எனக்குத் தோணிச்சு. பூட்டி வெச்சா பாட்டு நிக்காது. நம்மகிட்டே சொல்றதுதான் நின்னுபோவும்" என்றார் சித்தி.

"அதுக்காக அந்தக் கரூர் பொண்ணுங்க மாதிரி..." என்று மகள் இழுத்தாள்.

"அவங்க வூட்டுல என்னான்னு நமக்குத் தெரியாது. நம்ம வூட்டுல நாம கேக்கலாமே? 'கொரியாவுக்கு எப்படிப் போவே, எவ்ளோ ஆவும், பாஸ்போர்ட்டு எங்கே'ன்னு பக்கத்துல உக்காந்து கணக்குப் போடு. பொண்ணே சிரிச்சிடும்."

பேத்தி நிஜமாகவே சிரித்துவிட்டாள். பிறகு கொள்ளுப் பாட்டியின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தாள். 2013-ல் அவர்கள் முதல் பாட்டு வந்ததையும், ஆரம்பத்தில் ஏழு பேரும் ஒரே அறையில் படுத்துத் தூங்கியதையும், நான் டைபாய்டு கதை சொன்ன அதே வேகத்தில் சொன்னாள்.

"ஏழு பேரும் ஒரே ரூம்லயா? ஐயோ பாவம், யாரு சோறாக்கிப் போட்டாங்க?" என்றார் சித்தி. இப்போது மகளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்கே, ஒண்ணு போடு கேப்போம். காதுல மாட்டாதே, எனக்குக் கேக்காது" என்று சொல்லி, சித்தி ஒரு காலிப் பித்தளைச் சொம்பை நகர்த்தினார். பேத்தி செல்போனை அதற்குள் இறக்கி வைத்தாள். சொம்பு கணீரென்று கொரிய மொழியில் பாடியது! அடுத்தது ஏ.எம்.ராஜா. சித்தி கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். எண்பது வயதுத் தலையில் அந்தப் பதினாலு வயசுப் பின்னல் எனக்குத் தெரிந்தது.

* * *

உங்கள் வீட்டிலும் பழைய தட்டுகள் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் வளைந்துபோகும். புத்தகம்போல் நிறுத்தி வையுங்கள். வெயில் படாத அலமாரி நல்லது. தூசியைச் சுத்தமான மெல்லிய பருத்தித் துணியால், வரிகள் ஓடும் வட்டத்திலேயே துடையுங்கள், குறுக்கே வேண்டாம். குழந்தைகளின் இயர்போன் விஷயத்திலும் கவனம் தேவை. 75 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்குச் சொல்லும் அளவு. தினம் அரை மணியாவது இயர்போனைக் கழற்றச் சொல்லி, அவர்கள் பாட்டை நீங்களும் கேட்டால் காதுக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது.

கிளம்பும்போது சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆவடி தாண்டிப் போனா தாமரைப்பாக்கம்தானே? ஒரு நாள் கூட்டிக்கினு போறியா?" என்றார்.

எஸ்.பி.பி. அங்கேதான் துயில்கிறார். 2020 செப்டம்பர் 25-ல் அவர் மறைந்தபோது கொரோனா காலம். யாரும் எங்கும் போக முடியவில்லை. மறுநாள் அடக்கம் நடந்ததை டி.வி.யில் பார்த்துவிட்டுச் சித்தி எனக்குப் போன் செய்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சும்மா போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

நான் பதில் சொல்வதற்குள், "நானே ஓட்டறேன் சின்னப் பாட்டி. நாலு பேருமாப் போகலாம்" என்றாள் மகள்.

சிவப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேத்தி இந்தத் தடவை முன் சீட்டில் ஏறினாள். பூந்தமல்லி சிக்னலில் வண்டி நின்றபோது மகள் மெதுவாகக் கேட்டாள்: "ஏண்டி, அந்தப் படத்துல நடுவுல நின்னானே, அவன் பேரு என்ன?"

"அம்மா, அதை ஒரு வார்த்தையில சொல்ல முடியாது" என்று பேத்தி ஆரம்பித்தாள். நாங்கள் வீடு போய்ச் சேரும் வரை அவள் முடிக்கவில்லை.