திண்டிவனம் வரை வந்த ரயில்

பனமலைக்கு ரயில் கிடையாது. செஞ்சிக்கும் கிடையாது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் பாதை போடப்போவதாக எங்கள் பிள்ளைப் பருவத்தில் அறிவித்தார்கள். நாங்கள் கல்லூரிக்கே வந்துவிட்டோம். அந்த ரயில் இன்னும் வந்தபாடில்லை. சென்னைக்குப் போக வேண்டுமென்றால் விழுப்புரத்துக்கோ திண்டிவனத்துக்கோ பேருந்தில் போய், அங்கிருந்து ரயிலேறுவதே எங்கள் பக்கத்து வழக்கம்.

2024 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுத கையோடு நாங்கள் மூவரும் கிளம்பினோம். அண்ணன் தம்பி இருவர், பெரியத்தா மகன் ஒருவன். மூவரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். எங்களில் மூத்தவன் கல்லூரியில் தேசிங்கு ராஜனைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. 1896இல் திறந்த கன்னிமாரா நூலகத்தில் ஒரு நாள் உட்கார்ந்தால் போதும், வேண்டியது கிடைத்துவிடும் என்றான். மற்ற இருவருக்கும் கட்டுரை இல்லை. கடற்கரை இருந்தது, திருவல்லிக்கேணியில் பிரியாணி இருந்தது, மேன்ஷன் அறையில் தங்கியிருந்த உறவுக்கார அண்ணன் இருந்தார். அது போதாதா?

“வானம் சரியில்ல. அடுத்த வாரம் போங்களேன்” என்றார் அம்மா. அத்தா குவைத்தில் இருக்கிறார். நாங்கள் மூவரும் போய்விட்டால் வீட்டில் அம்மா தனியாள். வங்கக் கடலிலிருந்த தாழ்வு மண்டலம் புயலாக வலுப்பெறாது என்று முந்தின நாள் சொல்லியிருந்ததை நாங்கள் பெரிய சான்றாக எடுத்துவைத்தோம். அம்மா மேற்கொண்டு பேசவில்லை. எங்கள் பை ஒன்றில் மட்டும் புளிச்சோற்றுப் பொட்டலங்களை வைத்தார். நாங்கள் விழுப்புரம் போய்ச் சேருமுன்பே அது புயலாகிவிட்டது. ஃபெஞ்சல் என்று பெயரும் சூட்டியிருந்தார்கள்.

சனிக்கிழமையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மழை, மழை, மழை. விமான நிலையத்தை மூடினார்கள். கடற்கரைக்கு யாரையும் விடவில்லை. நூலகத்தின் வாசலைக்கூட நாங்கள் மிதிக்கவில்லை. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர், ஒரே ஒரு சன்னல். பயணிகள் என்பதால் லுஹரையும் அஸரையும் இஷாவையும் இரண்டிரண்டு ரக்அத்களாகச் சுருக்கித் தொழுதோம். பக்கத்து அறையில் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் இருந்தார், ஷாஃபி மத்ஹபினர். ‘நாங்கள் பயணத்தில் சேர்த்தும் தொழுவோம், நீங்கள் ஹனஃபிகள் சுருக்குவதோடு சரி’ என்று சிரித்தார். மழைநாளில் அந்தப் பேச்சு ஒரு மணி நேரம் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை சென்னையில் மழை தணிந்தது. காலையில் வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்குப் போனோம். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் குடும்பத்தார் 1795இல் கட்டிய பள்ளி அது. மரமோ இரும்போ சேர்க்காமல் சாம்பல்நிறக் கருங்கல்லால் எழுப்பியது என்பார்கள். காயிதே மில்லத் அடக்கமாகியிருப்பதும் அந்த வளாகத்தில்தான். அது கட்டிய ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கல்வெட்டு வரிகளை இயற்றியவர் நவாபின் அலுவலில் இருந்த ராஜா மக்கன்லால் என்ற இந்து. எங்கள் கட்டுரைக்காரன் அதன்முன் வெகுநேரம் நின்றான். செஞ்சிக் கோட்டைக்குள்ளும் பாரசீகக் கல்வெட்டுள்ள பள்ளிவாசல் இருக்கிறது. 1714இல் தேசிங்கை வென்ற நவாப் சாதத்துல்லா கானின் பெயரால் வழங்குவது. அவர் வேறு நவாப் குடும்பம், இவர்கள் வேறு. ஆனால் ஊரிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி வந்து ஊரின் சாயலுள்ள ஒரு கல்லைப் பார்த்ததில் எங்களுக்கு ஏதோ ஆறுதல் இருந்தது.

ஆறுதல் தேவைப்பட்டது. சனிக்கிழமை இரவு முதல் அம்மாவின் கைபேசி கிடைக்கவில்லை. புயல் எங்களை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்குப் போயிருந்தது. புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபின் அங்கேயே நகராமல் நின்று கொட்டிக்கொண்டிருந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். எங்கள் வீடு பனமலை ஏரிக்கு வெகு தொலைவில் இல்லை. நந்தன் கால்வாய்த் தண்ணீரை எதிர்பார்த்து ஆண்டுக்கணக்கில் வாய் பிளந்து கிடக்கும் ஏரி அது. நிரம்பாதா என்று ஊரே ஏங்கும். அன்று அது நிரம்பியிருக்கக் கூடாதே என்று துஆ கேட்டோம். பயணியின் துஆ தட்டப்படாது என்று படித்திருக்கிறோம். பயணம் வேதனையின் ஒரு பங்கு என்றும், வந்த காரியம் முடிந்ததும் விரைந்து வீடு திரும்ப வேண்டும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லித் தந்ததையும் படித்திருக்கிறோம். எங்களுக்கோ வந்த காரியமே நடக்கவில்லை.

அன்றிரவு எழும்பூர் நிலையத்தில் கூட்டம் அலைமோதியது. முந்தின நாள் போக முடியாதவர்களும் அன்றைக்குப் போக வேண்டியவர்களும் ஒன்றாகச் சேர்ந்திருந்தார்கள். முன்பதிவில்லாப் பெட்டி நடைமேடைக்குள் நகர்ந்து வரும்போதே இளையவன் ஓடித் தொற்றி ஏறி, சன்னலோர இருக்கையில் துண்டைப் போட்டான். மூன்று பேருக்கும் இடம். பெரிய வெற்றி! அப்படித்தான் அப்போது நினைத்தோம்.

வண்டி நள்ளிரவுக்கு மேல்தான் கிளம்பியது. அதற்குச் சற்று முன்னர் ஒரு முதியவரும் அவர் மனைவியும் ஏறினார்கள். அவருக்குக் கண்ணில் அறுவை நடந்திருந்தது. பச்சைத் துணி தொங்கியது. இன்னொரு கண்ணும் அத்தனை தெளிவில்லை என்பது அவர் கையால் தடவித் தடவி வந்ததில் தெரிந்தது. அந்த அம்மா ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். யாரிடமும் கேட்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். அவர் பார்வை எங்கள் பக்கம் திரும்பியபோது நாங்கள் கண்களை மூடிக்கொண்டோம்.

பேசிவைத்துச் செய்ததில்லை. மூவரும் ஒரே நொடியில், ஒருவன் சன்னலில் தலை சாய்த்தும், ஒருவன் பையில் முகம் புதைத்தும், ஒருவன் மார்பில் கை கட்டியும் உறங்கிப்போனோம். பிறகு அரைக்கண்ணால் பார்த்தபோது, கழிப்பறைக்கு அருகே ஈரத் தரையில் செய்தித்தாள் விரித்து அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். வருவோர் போவோரின் கால் அவர்மீது இடறாதபடி அந்த அம்மா முன்னால் நின்றிருந்தார். அப்போதாவது எழுந்திருக்கலாம். எழுந்தால் இதுவரை தூங்கவில்லை என்று ஆகிவிடுமே! மேலும் நாங்கள் மூன்று நாளாய் அலைந்தவர்கள், அம்மாவை நினைத்துக் கவலையில் இருப்பவர்கள். இப்படி ஆயிரம் நியாயங்கள். தாம்பரம் போனது, செங்கல்பட்டு போனது, மேல்மருவத்தூர் போனது. பொய் உறக்கத்தைப் போல் உடம்பை வருத்தும் வேலை வேறில்லை. கழுத்து மரத்துப்போயிற்று, அசையத் துணிவில்லை.

திண்டிவனத்தில் வண்டி நின்றது. நின்றது நின்றதுதான். அரை மணி, ஒரு மணி. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவிலுள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டிவிட்டது, வண்டி போகாது என்று யாரோ சொன்னார்கள். விளக்குகள் மங்கின. குழந்தைகள் அழுதன. அப்போது ஊருக்குள்ளிருந்து ஃபஜ்ர் பாங்கு கேட்டது. உறக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்று முஅத்தின் இருமுறை சொல்வதை மூவரும் கேட்டோம். மூவரும் விழித்தே இருந்தோம். ஒருவனும் எழவில்லை. எழுந்தால் முதலில் அந்தப் பெரியவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியவில்லை. சன்னலோரம் இருந்தவனின் தோளில் ஒரு கை பட்டது.

“தம்பி, எழுந்திரிங்கய்யா. பாங்கு சொல்லி நேரமாச்சு. வெளுத்துடப் போவுது.”

அந்த அம்மாதான். எங்கள் தொப்பிகள் பையின்மேல் இருந்ததைப் பார்த்திருக்கிறார். நெற்றியில் திருநீறு. கையில் தண்ணீர்ப் புட்டி. “குழாயில தண்ணி நின்னு போச்சு. மூஞ்சி கையி கழுவணுமில்ல, இத வெச்சுக்குங்க” என்றார்.

வெளியே வானமே தண்ணீராய் ஊற்றியிருந்த இரவில், உளூச் செய்ய அந்த ஒரு புட்டித் தண்ணீர். அதிலும் பாதியை மிச்சம் வைத்தோம். பெரியவர் மாத்திரை விழுங்க வேண்டும் என்று பிறகு தெரிந்தது. நடைமேடையின் கூரைக்கடியில் துண்டு விரித்தோம். நான்கு ரக்அத் தொழுகைகளில் பயணிக்குச் சுருக்கம் உண்டு. ஃபஜ்ர் ஏற்கெனவே இரண்டே ரக்அத். மூத்தவன் முன்னின்று தொழவைத்தான். சூரா ஓதும்போது இரண்டு இடத்தில் அவன் குரல் நின்றது. பின்னாலிருந்து யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. அவன் மறந்து நிற்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

திரும்பி வந்து பெரியவரை இருக்கையில் உட்காரவைத்தோம். ஓடாத ரயிலில் இடம் கொடுத்தோம். எங்கள் தயாளம் அவ்வளவுதான்.

வண்டி அதற்குமேல் போகாது என்பது விடிந்தபின் உறுதியாயிற்று. அவர்களுக்கு ஊர் செஞ்சிக்கு அப்பால் ஒரு கிராமம். எங்களுக்கும் இனி செஞ்சி வழிதான். அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு வெள்ளியன்றே தீர்ந்துவிட்டது. அந்தப் பாட்டியின் பையில் நான்கு பொரைகள் இருந்தன. ஐந்து பேர் சாப்பிட்டோம். பேருந்து பத்து மணிக்குமேல்தான் வந்தது. இளையவன் மறுபடியும் ஓடித் தொற்றி ஏறித் துண்டு போட்டான். இம்முறை இரண்டே இடம் பிடித்தான்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கு முப்பது கிலோமீட்டருக்குள். அன்று மூன்று மணி நேரம் ஆனது. இருபுறமும் வயல் எது, ஏரி எது என்று தெரியவில்லை. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கனஅடி திறந்துவிட்டதையும், தென்பெண்ணைக் கரையூர்கள் தத்தளிப்பதையும் பேருந்தில் ஒருவர் கைபேசியில் படித்துச் சொன்னார். திருவண்ணாமலையில் மண் சரிந்து வீடு புதைந்த செய்தியையும் அவர்தான் படித்தார். பேருந்து அமைதியாகிவிட்டது.

செஞ்சி நெருங்கியதும், “கோட்டை தெரியுதாய்யா?” என்றார் பெரியவர். தெரிந்தது. ராஜகிரியின் உச்சியை மேகம் மூடியிருந்தது. பாறைகளின் இடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாக அருவி இறங்கியது. அதை ஒவ்வொன்றாக அவருக்குச் சொன்னோம். இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி, அந்தப் பக்கம் சந்திரகிரி, கீழே கல்யாண மகாலின் கூம்பு. அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். இளமையில் விடிய விடியத் தேசிங்கு ராஜன் கூத்துப் பார்த்தவராம். “தேசிங்கு பெருசில்லய்யா. அவன் சிநேகிதன் இருந்தான் பாரு, மோவுத்துக்காரன், உங்காளு. கண்ணாலப் பந்தல்லேருந்து எழுந்து சண்டைக்கு ஓடியாந்தான். அவன் வரும்போதுதான் சனம் அழுவும்” என்றார்.

கட்டுரைக்காரன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கன்னிமாராவில் தேட நினைத்தது அதைத்தான்.

செஞ்சிப் பேருந்து நிலையத்தில் அவர்களை வேறு வண்டியில் ஏற்றிவிட்டோம். சொல்லிவிட வேண்டும் என்று மூவருக்கும் இருந்தது. மூத்தவன் தொடங்கினான்: “பாட்டி, ராத்திரி நாங்க...”

“ஆமாய்யா, என்னா ராத்திரி! புள்ளைங்க அசந்து போயிட்டீங்க” என்றார் அவர். சிரித்தாரா, பேருந்துப் படி ஏறும்போது முகம் அப்படிச் சுருங்கியதா, தெரியவில்லை. நாங்கள் இன்றும் அதைப்பற்றித் தகராறு செய்துகொள்வோம். இளையவன் அவருக்கு எல்லாம் தெரியும் என்பான். மூத்தவன் தெரியாது என்பான். தெரிந்திருந்தால் எழுப்பியிருப்பாரா என்று கேட்பான். தெரிந்ததனால்தான் எழுப்பினார் என்பான் இவன்.

செஞ்சியில் சங்கராபரணி பாலத்தை உரசிக்கொண்டு செந்நிறமாக ஓடியது. வழியில் கிடைத்த வண்டியில் ஏறியும் மீதியை நடந்தும் ஊர் சேர அஸர் நேரமாகிவிட்டது. ஏரி நிரம்பியிருந்தது. ஆனால் கரை உடையவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ராஜசிம்ம பல்லவன் குன்றின்மேல் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் கழுவிவிட்டதுபோல் நின்றது. அதன் அடிவாரம்வரை தண்ணீர். எங்கள் வீட்டுக் கூடத்தில் கணுக்காலளவு வந்து வடிந்த தடம் சுவரில் இருந்தது. கரண்ட் இன்னும் வரவில்லை. அம்மா பரண்மேல் ஏற்றிவைத்த அரிசி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் இறக்கியதைக் கீழே வைத்துவிட்டு, மூவரின் தலையையும் முந்தானையால் துவட்டினார். போகாதே என்றேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“ரயில்ல ஒரே கூட்டமா இருந்திருக்குமே” என்றார். “உட்கார இடம் கெடச்சுதாப்பா?”

கிடைத்தது என்றோம்.