இரு நறுமணங்களும் ஒரு மரபும்

மரபு என்பது பழையதை மாற்றாது பேணுவதே என்று எண்ணுவோர் பலர். பாரிஸ் மாநகரில் அறிமுகமாகி, இன்று செவ்வியல் தகுதி பெற்றுவிட்ட இரு வாசனைத் திரவியங்களின் வரலாறு அவ்வெண்ணத்தைத் திருத்த வல்லது.

ஒன்று, ஷனெல் அம்மையாருக்காக எர்னஸ்ட் போ 1921ஆம் ஆண்டில் ஆக்கிய 'ஷனெல் எண் 5'. மற்றொன்று, ஜாக் கெர்லேன் படைத்து, 1925ஆம் ஆண்டுப் பாரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சியில் இடம்பெற்ற 'ஷாலிமார்'. முகலாயர் அமைத்த தோட்டத்தின் பெயரைச் சூடியது அது.

எண் ஐந்தில் கிராஸ் நகர்ப்புறத்து மல்லிகையும் ரோசாவும் உண்டு. அம்மல்லிகை, தமிழர் பிச்சி என்றும் ஜாதிமல்லி என்றும் அழைக்கும் இனமே. விடியலில் கையால் கொய்யப்படுவது. ஆயினும் முகர்வோர் எந்த மலரையும் தனித்துச் சுட்ட இயலாது. ஆல்டிஹைடு என்னும் செயற்கைப் பொருள்கள் தூய, குளிர்ந்த ஒளியொன்றை அதன்மீது போர்த்துகின்றன. ஷாலிமாரோ எலுமிச்சை இனத்துப் பெர்கமோட்டின் பொலிவோடு தொடங்கி, வனிலாவும் பிசின்களும் கலந்த வெம்மையில் நெடுநேரம் தங்குகிறது. வனிலினைவிட வீரியமிக்க எதில் வனிலின் அதன் உயிர்நாடி. முன்னது வெளுத்து உலர்த்திய வெண்துகில்; பின்னது அந்தியில் புகையும் அகில்.

குணத்தால் வேறுபட்ட இவ்விரண்டும் ஒன்றில் ஒத்தவை. இன்று மரபு எனப்படுபவை, பிறந்த நாளில் துணிந்த புதுமைகளாய் இருந்தன. மலரை மட்டும் நம்பியிருப்பின் பத்தோடு பதினொன்றாய் மறைந்திருக்கும்; வேதியியலை மட்டும் நம்பியிருப்பின் உயிரற்றுப் போயிருக்கும்.

பல்லாண்டு பூசிவந்தோர் புதுக்குப்பியைத் திறந்து, "அந்த மணம் இல்லையே!" என வருந்துவதுண்டு. அவ்வருத்தம் பொய்யன்று. சான்றாக, பெர்கமோட்டில் இயல்பாக உள்ள பெர்காப்டென் வெயில் படும்போது தோலைப் புண்ணாக்குவது. ஆதலின், இன்று வாசனைத் தொழிலில் பெரும்பாலும் அது நீக்கப்பட்ட எண்ணெயே பயன்படுகிறது. நீக்கியதால் சிறிது இழப்பு நேரலாம். நீக்காதிருப்பின் மேனியில் பூசுவோருக்குத் தீங்கு நேரலாம்.

எதை விடுவது, எதை விடாதிருப்பது என்னும் தேர்வே மரபைக் காப்போரின் கடமை. பூட்டிவைத்த குப்பியிலும் நாளடைவில் மணம் கெடும். பூசுவோர் உள்ளவரைதான் அது வாழும். மொழியைக் கற்பிப்போரும் கற்போரும் இவ்வுண்மையை எளிதில் உணர்வர்.