மோஹாவியில் ஒரு சனிக்கிழமை

எங்க மூத்தவளுக்கு ஒன்பது வயசு. பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்கு அவள் எடுத்துக்கொண்டது சிரிஷா பண்ட்லா. ஆந்திராவில் பிறந்து ஹூஸ்டனில் வளர்ந்து, 2021 ஜூலையில் வர்ஜின் கலாக்டிக்கின் 'யூனிட்டி'யில் விண்வெளி விளிம்பு வரை போய்வந்தவர். "அப்பா, அந்த ஷிப்பை எங்க கட்டினாங்க?" என்று கேட்டாள். மோஹாவி என்றேன். நம்ம வீட்டிலிருந்து காரில் ரெண்டு மணி நேரம்கூட இல்லை என்று கூகுள் சொன்னதும், அடுத்த சனிக்கிழமை முடிவாகிவிட்டது.

லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து 14-ஆம் எண் ஃப்ரீவேயில் வடக்கே போகணும். பாம்டேல், லங்காஸ்டர், ரோசமண்ட் தாண்டினால் பாலைவனம்தான். ஜோஷுவா மரங்கள் ஆளுக்கொரு பக்கம் கையை விரித்து நிற்கும். தெஹாச்சபி மலைச்சரிவு முழுக்கக் காற்றாலைகள். என் மாமியார் கூட வந்திருந்தால் "ஆரல்வாய்மொழி மாதிரியே இருக்கே" என்றிருப்பார். கார் கதவைத் திறந்தால் காற்று கதவைப் பிடுங்குகிறது. சின்னவனின் தொப்பி போனது போனதுதான்.

ஊர் என்று பெரிசாக ஒன்றுமில்லை. ரயில் பாதை, பெட்ரோல் பங்குகள், சில உணவகங்கள். ஆனால் விமான நிலையத்தின் பெயர்ப் பலகையில் 'ஏர் அண்ட் ஸ்பேஸ் போர்ட்' என்று இருக்கிறது. 2004 ஜூனில் உரிமம் வாங்கி, அமெரிக்காவில் கடலோரம் இல்லாத முதல் வணிக விண்தளம் ஆனது இதுதான். வேலிக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற பயணிகள் விமானங்கள், சிலதுக்கு எஞ்சினே இல்லாமல், வெயிலில் வரிசையாக நிற்கின்றன. வாசல் பக்கத்துப் பூங்காவில் ரோட்டான் என்ற ராக்கெட். ஐஸ்கிரீம் கோனைக் கவிழ்த்து வைத்த மாதிரி, ஆறு மாடி உயரம். 1999-இல் மூன்று தடவை கொஞ்சம் எழும்பிப் பறந்ததோடு அதன் கதை முடிந்தது. சின்னவன் அதைச் சுற்றிச் சுற்றி ஓடினான்.

எங்க மகள் பார்க்க வந்தது ஸ்பேஸ்ஷிப்ஒன்னின் மாதிரியை. 2004 ஜூன் 21-ஆம் தேதி மைக் மெல்வில் இங்கிருந்துதான் கிளம்பி 100 கிலோமீட்டர் கோட்டைத் தொட்டுத் திரும்பினார். அரசாங்கப் பணம் இல்லாமல் கட்டிய கலத்தில் மனிதர் விண்வெளிக்குப் போனது அதுவே முதல் தடவை. அதே அக்டோபரில் ஒரு கோடி டாலர் பரிசும் கிடைத்தது. அசல் கலம் இப்போது வாஷிங்டன் மியூசியத்தில் இருக்கிறது. அதன் வாலை எப்படி மடக்குவார்கள் என்று ஒரு டிஷ்யூ பேப்பரில் வரைந்து காட்டினேன். திரும்பி இறங்கும்போது இறக்கையின் பின்பகுதியும் வாலும் மேல்நோக்கி நிமிரும். பேட்மின்டன் பந்து எப்படிப் போட்டாலும் தலைகீழாகவே மெதுவாக விழுமே, அந்த யோசனைதான். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

அதன் அடுத்த கதையைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். சொன்னேன்.

2014 அக்டோபர் 31. இதே ஓடுபாதையிலிருந்து ஸ்பேஸ்ஷிப்டூ, 'எண்டர்பிரைஸ்' என்று பெயர், சோதனைப் பறப்புக்குக் கிளம்பியது. தாய் விமானம் உயரத்தில் கொண்டுபோய் விட்டதும் ராக்கெட் எரிந்தது. அந்த வாலை ஒரு பூட்டு பிடித்து வைத்திருக்கும். ஒலியைப் போல 1.4 மடங்கு வேகம் வந்த பிறகுதான் துணை விமானி அந்தப் பூட்டை விடுவிக்கணும். ரொம்பத் தாமதித்தாலும் பறப்பைக் கைவிட வேண்டிவரும். அதனால் அவர் கையில் இருந்தது சில நொடிகள்தான். மைக்கேல் ஆல்ஸ்பரி சுமார் 0.8 மடங்கிலேயே விடுவித்துவிட்டார். அந்த வேகத்தில் காற்றின் விசையே வாலைத் தூக்கிவிட்டது. கலம் துண்டு துண்டானது. விமானி பீட்டர் சீபோல்ட் பாராசூட்டில் காயங்களோடு பிழைத்தார். ஆல்ஸ்பரிக்கு 39 வயசு, ரெண்டு பிள்ளைகள்.

"அவர் தப்பா அமுக்கிட்டாரா?" என்றாள்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பழைய கடன் பாக்கி. நான் மருத்துவமனைக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவன். வேலைக்குச் சேர்ந்த புதுசில், வேறொரு கம்பெனியில், சொட்டு மருந்து பம்ப் ஒன்றுக்குத் திரை எழுதினேன். சோதனை அறையில் ஒரு நர்ஸ் அளவைச் சரிபார்க்கும் முன்னாடியே 'ஸ்டார்ட்' அமுக்கிவிட்டார். நோயாளி யாரும் இல்லை, தண்ணீர்தான் ஓடியது. நான் அந்தப் புகாரில் "பயன்படுத்தியவர் தவறு, பயிற்சியில் சொல்லிக்கொள்ளலாம்" என்று எழுதி மூடிவிட்டேன். சீனியர் அம்மா ஒருவர் அதைத் திரும்பத் திறந்து, என் மேசைக்கே வந்து கேட்டார்: "கை தவறாத நர்ஸை எந்த ஆஸ்பத்திரியில பார்த்தே?" அந்த பட்டன் நேரத்துக்கு முன்னால் வேலையே செய்யாதபடி மாற்றினேன். இருபது வரி கோட்கூட இல்லை.

விபத்தை விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2015 ஜூலையில் சொன்னதும் கிட்டத்தட்ட அந்த அம்மா கேட்டதுதான். ஒரே ஒரு மனிதத் தவறு முழு அழிவுக்குக் கொண்டுபோகலாம் என்பதைக் கலத்தைக் கட்டிய நிறுவனம் கணக்கில் எடுத்து, அதற்குத் தடுப்பு வைக்கவில்லை என்பதே முடிவு. அனுமதி கொடுத்த எஃப்ஏஏ, அந்த ஆபத்து ஆய்வு விதிகளிலிருந்து விலக்குக் கொடுத்திருந்ததும் அறிக்கையில் இருக்கிறது. அடுத்த கலமான யூனிட்டியில் பூட்டு முன்கூட்டியே திறக்காதபடி தடுப்பு வைத்தார்கள். சிரிஷா போனது அதில்தான்.

"அப்ப இப்ப ரூல் இருக்கு, இல்லப்பா?"

இல்லை என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. 2004 டிசம்பரில் வந்த சட்டப்படி எஃப்ஏஏ கீழே நிற்கிற நம்மைப் பாதுகாக்கலாம். ராக்கெட் நம்ம வீட்டு மேல் விழக்கூடாது. உள்ளே உட்காருகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பயணிக்கு ஆபத்துகளை எழுத்தில் சொல்லணும், இந்தக் கலம் மனிதரை ஏற்றிச்செல்லப் பாதுகாப்பானது என்று அமெரிக்க அரசு சான்று தரவில்லை என்பதையும் சொல்லணும், அவர் கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான். பயணிகளுக்காகக் கலத்தை இப்படிக் கட்டு என்று விதி போடணும் என்றால், முதலில் யாராவது செத்திருக்கணும், பலமாக அடிபட்டிருக்கணும், இல்லை மயிரிழையில் தப்பியிருக்கணும். இதற்கு வைத்த பெயர் 'கற்கும் காலம்'. எட்டு வருஷம் என்று தொடங்கியது. ஆல்ஸ்பரி இறந்து ஒரு வருஷம் முடிந்த கையோடு 2015 நவம்பரில் 2023 வரை நீட்டினார்கள். இப்போது 2028 ஜனவரி 1 வரை.

நியாயமாகச் சொன்னால், எதிர்வாதமும் முட்டாள்தனம் இல்லை. ஒருவர் இறக்கையோடு இறங்குகிறார், ஒருவர் பாராசூட்டில், ஒருவர் கடலில். எல்லாருக்கும் ஒரே விதி எழுதினால் இன்றைய டிசைனையே கல்லில் செதுக்கின மாதிரி ஆகிவிடும். அதனால் ஏஎஸ்டிஎம் அமைப்பின் எஃப்47 குழுவில் 2016-லிருந்து கம்பெனிகளே சேர்ந்து தரநிலைகள் எழுதுகின்றன. எஃப்ஏஏவும் 2014-இல் பயணிகள் பாதுகாப்புக்கான பரிந்துரைகளை வெளியிட்டு, 2023-இல் புதுப்பித்தது. நல்ல ஆவணம், நான் வாசித்தேன். ஆனால் பரிந்துரைதான். எங்க துறையிலும் 'பரிந்துரை' என்று தலைப்புப் போட்ட கோப்புகளை ரிலீஸுக்கு முந்தின ராத்திரி யாரும் திறப்பதில்லை.

நாசா தன் விண்வெளி வீரர்களை அனுப்பும்போது வாடிக்கையாளராகத் தன் சொந்த விதிகளைக் கட்டாயமாக்கும். அதே மாதிரிக் கலத்தில் நம்ம மாதிரி ஒருத்தர் டிக்கெட் வாங்கிப் போனால், அவருக்காகக் கேட்க அப்படி ஒருவரும் இல்லை. 2021-இல் ப்ளூ ஆரிஜினின் முதல் மனிதப் பறப்பில் போன ஆலிவர் டேமனுக்கு 18 வயசு. அந்த இருக்கையை வாங்கியது அவன் அப்பா. இதை நான் மகளிடம் சொல்லவில்லை. மனசுக்குள் கணக்கு மட்டும் போட்டேன். இன்னும் ஒன்பது வருஷம்.

திரும்பும்போது ரெண்டு பேரும் பின்சீட்டில் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். லங்காஸ்டர் தாண்டும்போது பின்னாலிருந்து குரல்: "நான் பெரியவளானா போகலாமா?"

மனைவி என்னைப் பார்த்தாள். "முதல்ல அந்தப் பேப்பரை நீயே முழுசா படிக்கணும்" என்றேன். "படிச்சிட்டு, நான் தப்பா அமுக்கினா என்ன ஆகும்னு அவங்களைக் கேட்கணும்."

அடுத்த வாரம் அவள் தோழியின் பிறந்தநாள், ட்ராம்போலின் பார்க்கில். வாசலில் ஐபேடை நீட்டி விரலால் கையெழுத்துக் கேட்டார்கள். வழக்கமாக ஸ்க்ரோல் பண்ணிக் கீழே போய்ப் போட்டுவிடுவேன். அன்று படிக்க ஆரம்பித்தேன். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பெற்றோர் வரிசையில். "அப்பா, சீக்கிரம்!" என்று அவளே என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.