மறதிக்கு ஒரு சுவிட்ச்

2024 ஏப்ரலில், கொல்கத்தா 40 டிகிரியைத் தாண்டி வெந்துகொண்டிருந்த ஒரு நாள், கரியாஹாட் சந்திப்பில் ஒரு சிவப்புக் கார் புஸ்ஸென்று ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. ஓட்டியவர் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர். வயது 78. வங்காளி வழக்கப்படி அவரை மேஷோமஷாய் என்றும் அவர் மனைவியை மாஷிமா என்றும் கூப்பிடுவேன். நம்மூரில் சித்தப்பா, சித்தி என்பது மாதிரி. பக்கத்து சீட்டில் மாஷிமா இருந்தார். போலீஸ்காரர் ஒருவரும் இரண்டு ஆட்டோ டிரைவர்களும் சேர்ந்து காரைத் தள்ளி ஓரங்கட்டினார்கள். அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப்போன மேஷோமஷாயின் முன்கையில் கொப்புளம். வீடு திரும்பியதும் மாஷிமா சொன்னது ஒரே வாக்கியம்தான்: "இன்னொரு தரம் இது நடுத்தெருவில் நின்றால் விற்றுவிடுவேன்."

வண்டி எம்ஜிபி. 1978ஆம் வருடத்தது. இரண்டு பேர் உட்காரலாம், கூரையை மடக்கிவிடலாம். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெளிநாட்டுக்காரரிடமிருந்து 1986இல் வாங்கியதாம். இங்கிலாந்தின் ஏபிங்டன் ஊரில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் இந்தக் கார்களைச் செய்து தள்ளினார்கள். அப்புறம் ஆலையையே மூடிவிட்டார்கள். அதே எம்ஜி முத்திரை 2019இல் சீன முதலாளியோடு இந்தியாவுக்கு வந்து பெரிய பெரிய வண்டிகளை விற்க ஆரம்பித்தபோது மேஷோமஷாய் ஷோரூமுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "பெயர் மட்டும் தெரிந்த பெயர்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

கார் கொதித்ததற்கு வெயிலைக் குற்றம் சொல்ல முடியாது. எம்ஜிபியில் 1977 மாடலிலிருந்து ரேடியேட்டரை முன்னுக்குத் தள்ளி, எஞ்சினோடு சேர்ந்து சுற்றிய விசிறியை எடுத்துவிட்டு மின்விசிறி வைத்தார்கள். கார் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். விசிறிக்கு வேலையே இல்லை. சிக்னலில் நிற்கும்போதுதான் அது தேவை. எப்போது தேவை என்று தீர்மானிப்பது ரேடியேட்டரின் மேற்பகுதியில் செருகியிருக்கும் ஒரு சின்ன சுவிட்ச். அதற்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு தகடு. சூடேறினால் இரண்டும் வெவ்வேறு அளவில் விரியும். அந்த இழுபறியில் தகடு சட்டென்று மறுபக்கம் வளைந்து மின் இணைப்பைச் சேர்க்கும். தண்ணீர் தொண்ணூறு டிகிரியை நெருங்கும்போது விசிறி ஓடும். ஆறினால் தகடு திரும்பிக்கொள்ளும், விசிறி நின்றுவிடும்.

இந்த சுவிட்ச் 2021இல் செத்துப்போயிற்று. நாற்பது வருடம் உழைத்த பொருள், குறை சொல்ல ஒன்றுமில்லை. தெருமுனை மெக்கானிக் பத்தே நிமிடத்தில் வைத்தியம் பார்த்துவிட்டார்: "டைரக்ட் பண்ணிடலாம் தாதா." இந்தியா முழுக்க மெக்கானிக்குகள் பேசும் பொதுமொழி இந்த "டைரக்ட்". பழுதானதை விட்டுவிட்டு நேரே ஒயர் இழுப்பது. டாஷ்போர்டில் ஓர் ஓட்டை போட்டு, வீட்டு மிக்ஸியில் இருப்பது மாதிரி ஒரு சுவிட்சை மாட்டினார். சூடானால் மேஷோமஷாய் போட வேண்டும். ஆறினால் அணைக்க வேண்டும். அவ்வளவுதான்.

மூன்று வருடம் ஒழுங்காகப் போட்டார், அணைத்தார். கரியாஹாட்டில் போட மறந்துவிட்டார்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மாஷிமா என்னிடம் மாடிப்படியில் வைத்துச் சொன்னார். சுவிட்ச் மட்டும் அல்ல. பிப்ரவரியில் கேஸை அணைக்க மறந்தாராம், ஒருநாள் லேக் மார்க்கெட்டுக்குப் போனவர் வாங்கிய மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தாராம். "மீனை மறந்த வங்காளியை நீ பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார். சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் மேஷோமஷாய் என்னை அழைத்தார். பழைய முறைக்கே திரும்பப் போவதாகவும் கை நடுங்குவதால் உதவி வேண்டும் என்றும் சொன்னார். நான் தமிழ் எம்.ஏ., ஸ்பேனர் பிடித்ததில்லை என்றேன். "எழுதுகிற கைதானே, நடுங்காது, வா" என்றார்.

முதலில் மல்லிக் பஜார் போனோம். கொல்கத்தாவில் பழைய காரின் எந்த உறுப்பும் அங்கே கிடைக்கும் என்பது நம்பிக்கை. கடைக்காரர் டப்பாவைக் கவிழ்த்து விதவிதமாகப் பதினைந்து சுவிட்சுகளைக் கொட்டினார். எல்லாமே மரையுள்ளவை, திருகி மாட்டுபவை. எம்ஜிபியின் சுவிட்சுக்கு மரை கிடையாது. ரப்பர் வளையத்துக்குள் அழுத்திச் செருகி, கழன்று வராமல் கம்பிக் கிளிப் போட வேண்டும். "ரேடியேட்டரில் மரை வெட்டித் தருகிறேன்" என்று கடைக்காரர் பெருந்தன்மையோடு முன்வந்தார். மேஷோமஷாய் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டார். கடைசியில் இங்கிலாந்திலிருந்துதான் வரவழைத்தோம். சுவிட்சின் விலையைவிட அது வந்து சேர்ந்த செலவு அதிகம்.

வந்ததை உடனே மாட்டவில்லை. "புதியது என்பதாலேயே வேலை செய்யும் என்று அர்த்தமில்லை" என்று சமையலறைக்குப் போனார். மாஷிமாவின் பால் பாத்திரத்தில் தண்ணீர். சுவிட்சை அடி தொடாமல் நூலில் தொங்கவிட்டு, மின் முனைகளில் மல்டிமீட்டரைப் பிடிக்கச் சொன்னார். தெர்மாமீட்டரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பது. எண்பத்தைந்து. தொண்ணூறைத் தாண்டியதும் மெல்லிய "டிக்", மல்டிமீட்டர் கீச்சிட்டது. அடுப்பை அணைத்தோம். ஆற ஆறக் காத்திருந்தபோது இன்னொரு "டிக்". அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மாஷிமா வாசலில் நின்று, "இனி அதில் பால் காய்ச்ச மாட்டேன்" என்றார். அந்தப் பாத்திரம் இப்போது காரேஜில் இருக்கிறது.

மாட்டும் வேலையை ஒரு ஞாயிறு காலையில், எஞ்சின் முழுக்க ஆறியிருந்தபோது செய்தோம். கொப்புளம் கற்றுக்கொடுத்த பாடம். ரேடியேட்டர் ஒரு பிரஷர் குக்கர்தான். மூடியின் அழுத்தத்தால்தான் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூடாக இருக்கும்போது திறந்தால் குக்கரைத் திறந்த கதைதான். பாட்டரி ஒயரைக் கழற்றும் முன் என் வளையலையும் மோதிரத்தையும் கழற்றச் சொன்னார். உலோகம் பட்டால் பொறி பறக்குமாம்.

கீழ் ஹோஸைத் தளர்த்தி இரண்டு லிட்டர் போல வடித்தோம். பச்சை நிறக் கூலன்ட். அது தரையில் சிந்தக்கூடாது என்பதில் அவர் குறியாக இருந்தார். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாய்கள் நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் செத்துவிடும். எங்கள் தெருவில் ஏழு நாய்கள். தொட்டியை மூடி மேலே செங்கல் வைத்தோம்.

பழைய சுவிட்ச் லேசில் வரவில்லை. ரப்பர் கல்லாகிப் போயிருந்தது. கிளிப்பை எடுத்து, ரப்பரைப் பிய்த்துப் பிய்த்து எடுத்தேன். ஒரு மணி நேரம். கழற்றியதைத் தலைகீழ் வரிசையில் மாட்டிக்கொள்ளுங்கள் என்று கார் கையேடுகள் ஒரே வரியில் முடித்துக்கொள்ளும். இருபது வருடமாக மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன்; இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு சின்ன வாக்கியத்தில் பார்த்ததில்லை. புது ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து ஓட்டையில் பொருத்தி, சுவிட்சைக் கட்டைவிரலால் அழுத்தினேன். உள்ளே போவேனா என்றது. மூன்றாவது முயற்சியில் "ப்ளக்" என்று உட்கார்ந்தது. கிளிப்பை மட்டும் அவரே போட்டார். கை நடுங்கியது, நான் கையை நீட்டவில்லை. அது சரியாக உட்காராவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும்போது சுவிட்ச் தெறித்து வெளியே வந்துவிடும்.

மெக்கானிக் இழுத்த ஒயரை நீக்கி, பழைய ஒயர்களைப் புது சுவிட்சில் செருகினோம். கூலன்டை வடிகட்டி ஊற்றி, ஹீட்டரைத் திறந்து வைத்து, உள்ளே சிக்கிய காற்று வெளியேறும்வரை எஞ்சினை ஓடவிட்டோம். முள் மெல்ல ஏறியது. பாதியைத் தாண்டியது. இன்னும் ஏறியது. "அணைத்துவிடலாமா?" என்று கேட்டேன். "பொறு" என்றார். அவர் கை டாஷ்போர்டின் அந்தச் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அதில் இப்போது ஒயர் இல்லை என்பது அவருக்கும் தெரியும். முன்னாலிருந்து ஒரு உறுமல். விசிறி சுற்ற ஆரம்பித்துவிட்டது. மாஷிமா மாடி ஜன்னலைத் திறந்து என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார்.

டாஷ்போர்டு சுவிட்சைக் கழற்றினால் ஓட்டை அசிங்கமாகத் தெரியும் என்று அப்படியே விட்டுவிட்டார். பெங்களூரில் இருக்கும் மகள் ஒவ்வொரு வாரமும் போனில் கேட்கிறாள், கார் இன்னும் இருக்கிறதா என்று. மாஷிமா முன்பு "விற்றுவிடுவேன்" என்றவர், இப்போது "பார்க்கலாம்" என்கிறார்.

புது சுவிட்ச் போட்ட பிறகு இருவரும் முதல்முறையாகப் பாலிகஞ்ச் பக்கம் போய்விட்டு வந்தார்கள். எப்படி இருந்தது என்று மாஷிமாவிடம் மாடிப்படியில் கேட்டேன். மூன்று சிக்னலில் மாட்டிக்கொண்டார்களாம். முதல் இரண்டு சிக்னலில் மேஷோமஷாய் கையை நீட்டி அந்த ஒயரில்லாத சுவிட்சைப் போட்டாராம். மூன்றாவதில் மறந்துவிட்டாராம். விசிறி ஓடிக்கொண்டிருந்ததாம்.