ஹீட்டரைத் திறந்தோம், கார் கொதித்தது

விடுமுறைக்குக் குடும்பத்தோடு நுவரெலியா போனோம். கல்முனையிலிருந்து விடியப் புறப்பட்டு வெலிமடை வரை ஒரு குறையும் இல்லை. அங்கே குளிர் ஏற, சின்னவள் நடுங்குகிறாள் என்று ஹீட்டரைத் திறந்தோம். கார் வாங்கி ஆறு வருசம். அதைத் தொட்டது அன்றுதான். கல்முனை வெயிலில் யாருக்கு ஹீட்டர்?

கொஞ்ச நேரம் நல்ல சூடு வந்தது. பிறகு முன்கண்ணாடி உள்ளே மங்கியது. மலைப்பனி என்று துடைத்துத் துடைத்து ஓடினோம். முன்சீட்டில் இருந்த உம்மா, "மகன், காலடியெல்லாம் ஈரமாக் கிடக்கே" என்றா. தண்ணிப் போத்தலைக் கொட்டிவிட்டாய் என்று சின்னவளுக்கு ஏசினோம். பாவம், அவளுடைய போத்தல் திறக்கப்படவே இல்லை.

ஹக்கல ஏற்றத்தில் ஹீட்டரிலிருந்து குளிர்காற்று வரத் தொடங்கியது. சற்று நேரத்தில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி, பொனட்டைத் திறந்து, துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியில் கை வைத்தோம். பின்னால் வந்த மரக்கறி லொறிச் சாரதி ஓடிவந்து கையைப் பிடித்தார். "தம்பி, மூஞ்சி வெந்து போயிரும்!" அமுக்கத்தில் உள்ள தண்ணி 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும், மூடி திறந்த நொடியில் பீறிட்டு அடிக்கும். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற எங்களுக்கு அந்நேரம் அது ஞாபகம் வரவில்லை.

கூட்டாளி ஒருவர் போனில், "ஹீட்டரை முழுசாத் திறங்க, என்ஜின் சூடு குறையும்" என்றார். தண்ணி இருக்கிற காருக்கு அது சரியான புத்திதான். எங்களுக்கோ தண்ணியைக் குடித்ததே ஹீட்டர்.

முக்கால் மணித்தியாலம் ஆறவிட்டு, ஹீட்டரை மூடி, தண்ணி ஊற்றி, மெதுவாக நுவரெலியா கராஜுக்குப் போனோம். பாஸ் காட்டித் தந்தார்: டேஷ்போர்டுக்குப் பின்னால் இன்னொரு குட்டி ரேடியேட்டர். என்ஜினின் சுடுதண்ணி அதற்குள் ஓடித்தான் காருக்குள் சூடு வருகிறது. கூலன்ட் விலையைப் பார்த்து நாங்கள் வருசக்கணக்காகக் குழாய்த் தண்ணியே ஊற்றியதில் அது அரித்து ஓட்டையாகியிருந்தது. திறந்ததும் தண்ணியெல்லாம் கார்பெட்டில். என்ஜின் கொதிக்க ஹீட்டர் குளிர்ந்தால், முதலில் தண்ணி குறைந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டுமாம்.

ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் ஒன்றாக இணைத்து, கூலன்ட் ஊற்றி அனுப்பினார். ஹெட் கெஸ்கட் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். திரும்பும்போது எல்லோரும் போர்வைக்குள்.

சின்னவளிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி உம்மா இன்னும் விடுவதாக இல்லை. ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம். அது கணக்கில் சேராதாம்.