வேலி இல்லாத காடு

2011ஆம் வருஷம் முழுப்பரீட்சை லீவில் எனக்கு ஒரு குதிரை கிடைத்தது.

அப்போது எட்டாம் வகுப்பு முடித்திருந்தேன். ஊர் சாத்தூர். மே மாத மத்தியானத்தில் வைப்பாற்று மணலில் காக்கைகூட இறங்காது. பெரியப்பா மகன் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். தகரக் கூரை, சுவரோரம் மூன்று டிவி. இரண்டில் பிளேஸ்டேஷன் 2. மணிக்கு 20 ரூபாய். மூன்றாவதில் பிளேஸ்டேஷன் 3, அதற்கு 40. காலையிலும் சாயங்காலமும் பையன்கள் மொய்ப்பார்கள். கார் ரேஸ், மல்யுத்தம், கிரிக்கெட் என்று சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஒன்றரை மணியிலிருந்து நாலு மணிவரை ஆள் வராது. அண்ணன் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர வீட்டுக்குப் போகிற நேரம் அது. "கடையப் பாத்துக்கடா" என்று சொல்லி, அதற்குக் கூலியாக அந்த 40 ரூபாய் மெஷினை என்னிடம் விட்டுப் போவார்.

அப்படி ஒரு மத்தியானத்தில்தான் சிவப்பு அட்டை போட்ட டிஸ்க் ஒன்றை எடுத்துப் போட்டேன். அட்டையில் தொப்பி வைத்த ஒருவன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றான். 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்'. ராக்ஸ்டார் நிறுவனத்தின் சான் டியாகோ குழு உருவாக்கி, 2010 மே மாதம் வெளிவந்த விளையாட்டு.

தொப்பியும் குதிரையும் எனக்குப் புதிது இல்லை. பக்கத்துச் சிவகாசியிலிருந்து 1984 முதல் வந்துகொண்டிருக்கும் லயன் காமிக்ஸின் பழைய இதழ்கள் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கிடந்தன. 1948இல் இத்தாலியில் பிறந்த டெக்ஸ் வில்லர், அந்தப் பெட்டிக்குள் சுத்தமான தமிழ் பேசிக்கொண்டிருந்தார். நவஹோ மக்கள் அவரை 'இரவுக் கழுகு' என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் மனசுக்குள் கூப்பிடுவேன். ஆனால் டெக்ஸ் போகிற இடத்துக்குத்தான் நானும் போக முடியும். கட்டம் முடிந்தால் பாலைவனமும் முடிந்துவிடும். கட்டத்தின் ஓரத்தில் பாதி தெரிகிற மலைக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று யோசித்தபடி எத்தனையோ ராத்திரி தூங்கியிருக்கிறேன்.

விளையாட்டு 1911இல் தொடங்குகிறது. ஜான் மார்ஸ்டன் என்பவன் படகிலிருந்து இறங்கி ரயில் ஏறுகிறான். ஒருகாலத்தில் கொள்ளைக்காரன், இப்போது மனைவியும் மகனுமாகப் பிழைக்க நினைப்பவன். அரசாங்க ஆட்கள் அவன் குடும்பத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, பழைய கூட்டாளிகளைத் தேடிப் பிடித்துவரச் சொல்லி அனுப்புகிறார்கள். போன இடத்தில் முதல் கூட்டாளியின் கும்பலே சுட்டுப் போட்டுவிடுகிறது. போனி மக்ஃபார்லேன் என்ற பெண் தன் மாட்டுப் பண்ணைக்குத் தூக்கிவந்து அவனைப் பிழைக்க வைக்கிறாள். இதுவரை கதை என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது. பிறகு ஒரு கட்டத்தில் கையை விட்டுவிட்டது.

அந்தக் கணம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. கார் ரேஸில் ரோட்டைவிட்டு விலகினால் வண்டி சுவரில் மோதி நிற்கும். இங்கே பாதையைவிட்டு விலகினேன். புதருக்குள் குதிரை போனது. தூரத்தில் செம்மண் நிறத்தில் ஒரு மேட்டுப் பாறை. அதை நோக்கி விட்டேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பாறை கிட்டே வந்தது. மேலே ஏறி நின்றேன். அந்தப் பக்கம் இன்னும் நிலம் கிடந்தது. அதற்கப்பால் ஒரு ரயில் புகைவிட்டுக்கொண்டு போனது. காமிக்ஸ் கட்டத்தின் ஓரம் அன்றைக்குத்தான் எனக்குத் திறந்தது.

அன்று முழுக்க ஒரு குண்டுகூடச் சுடவில்லை. பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிடும் இடத்துக்குப் போய்க் கீழே என்ன செத்துக் கிடக்கிறது என்று பார்த்தேன். இருட்டியதும் நின்ற இடத்திலேயே தீ மூட்டி உட்கார்ந்தேன். குதிரையைவிட்டு எவ்வளவு தூரம் நடந்து போனாலும் ஒரு பட்டனை அமுக்கினால் மார்ஸ்டன் விசில் அடிப்பான். எங்கிருந்தோ குளம்புச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே தூரம் போய்ப்போய் நின்று விசில் அடித்திருக்கிறேன்.

இது ஏன் என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது என்பது இப்போது புரிகிறது. எங்கள் வீடுகளில் பையன் வெளியே கிளம்பினால் ஒரு காரணம் வேண்டும். பால் வாங்க, ரேஷனுக்கு, டியூஷனுக்கு. காரணம் இல்லாமல் போவதற்குப் பெயர் 'ஊர் சுத்துறது'. அது திட்டுவதற்கான சொல். வாசற்படி இறங்கும்போதே "எங்கடா கிளம்பிட்ட?" என்ற குரல் முதுகில் விழும். அந்த டிவிக்குள் மட்டும் யாரும் அதைக் கேட்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் அந்தக் கேள்வி கேட்கப்படாத ஆள் ஒருவர்தான். அம்மாவைப் பெற்ற தாத்தா. நாற்பது உருப்படி செம்மறி வைத்திருந்தார். வயசுக் காலத்தில் ஆட்டைப் பற்றிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் வரைக்கும் நடந்தே போய், அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டவர். நான் சொல்கிற வருஷத்தில் கண்மாய்க்கரையைத் தாண்டி அவர் போவதில்லை. ஒருநாள் வீட்டில் என்னைக் காணோம் என்று தேடி, கடைக்கே வந்துவிட்டார். தோளில் துண்டு, கையில் தொரட்டி. திட்டப்போகிறார் என்று எழுந்தேன். அவர் டிவியைப் பார்த்தபடி நின்றார்.

"எந்த ஊருய்யா இது?"

"அமெரிக்கா, தாத்தா."

"நம்ம கம்மாக்கரை மாதிரில்ல இருக்கு." திரைக்குப் பக்கத்தில் போய்த் தொரட்டிக் கம்பால் காட்டினார். "அந்தா நிக்குறது சப்பாத்திக்கள்ளி."

சப்பாத்திக்கள்ளியேதான். ஊதாச் சிவப்புப் பழத்தைப் பறித்து, மண்ணில் புரட்டிச் சுணை போக்கி, உள்ளே இருக்கும் நட்சத்திர முள்ளை எடுத்துவிட்டு, நாக்கு சிவக்கத் தின்ற அதே கள்ளி. அந்த விளையாட்டில் மார்ஸ்டன் குனிந்து பறித்துச் சேர்க்கும் செடிகளில் அதுவும் ஒன்று. அந்த ஒற்றுமை தற்செயல் இல்லை என்பதைப் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். சப்பாத்திக்கள்ளியின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். எங்கள் கண்மாய்களை மூடிக் கிடக்கும் சீமைக்கருவேலமும் அங்கிருந்து வந்ததுதான். டெக்சாஸ் பக்கம் மெஸ்கீட் என்று சொல்லும் முள்மரத்துக்கு நெருங்கிய உறவு. தாத்தா படிக்காமலேயே பார்த்த மாத்திரத்தில் உறவைக் கண்டுபிடித்துவிட்டார்.

அன்றைக்கு நான் ஒரு கட்டத்தில் சிக்கிக்கொண்டிருந்தேன். போனியின் மாட்டு மந்தையைப் பண்ணைக்கு ஓட்டிவர வேண்டும். நடுவழியில் இடி, மின்னல். மந்தை வெருண்டு மலை விளிம்பை நோக்கி ஓடும். மூன்று தடவை விரட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்; மூன்று தடவையும் மாடுகள் பள்ளத்தில் விழுந்தன. தாத்தா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பின்னால போகாதய்யா. நீ வெரட்ட வெரட்ட அது ஓடத்தான் செய்யும். ஓரமா வெரசாப் போயி, முன்னால போறதை மடக்கு. அது திரும்புனா மத்தது தானாத் திரும்பும்."

நாலாவது தடவை மழைக்குள் ஓரமாகக் குதிரையை விட்டேன். முன்னால் ஓடிய மாட்டைத் தாண்டி, விளிம்புக்கும் அதற்கும் நடுவில் போய் நின்றேன். அது திரும்பியது. மந்தை திரும்பியது. தாத்தா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருடைய மேற்கு தஞ்சாவூர்தான். டெக்சாஸிலிருந்து கான்சஸ் ரயிலடிக்கு மாடு ஓட்டியவர்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர்களும் இதைத்தான் செய்தார்கள். வெருண்ட மந்தையின் முன்மாட்டைப் பக்கவாட்டில் நெருக்கி, வட்டம் போடவிட்டு, ஓட்டத்தைத் தணித்தார்கள். மேய்ச்சல்காரனுக்கு இரண்டு பக்கமும் ஒரே அறிவு.

அதற்குப் பிறகு அவர் அடிக்கடி வந்தார். சண்டை வந்தால் கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொள்வார். குதிரை சும்மா போகும்போதுதான் உற்றுப் பார்ப்பார். "தண்ணி எங்கிட்டு இருக்கு?" என்று கேட்பார். "மேகம் கூடுது, மேட்டுக்குப் போ" என்பார். மார்ஸ்டன் சான் லூயிஸ் ஆற்றைக் கடந்து மெக்சிகோவுக்குள் போகிற நாளில் அவர் பக்கத்தில் இருந்தார். கரையேறிக் குதிரையில் உட்கார்ந்ததும், அதுவரை எந்த இடத்திலும் வராத ஒன்று வந்தது: ஒரு பாட்டு. ஸ்வீடனைச் சேர்ந்த ஹோசே கொன்சாலஸ் கிதாரோடு தனியாகப் பாடியது. மொழி எங்கள் இருவருக்கும் புரியவில்லை. அந்திவேளை, செம்மண், நீண்ட நிழல். பாட்டு முடிகிற வரைக்கும் குதிரையை நிறுத்தாமல் நடத்தினேன். தாத்தா ஒன்றும் பேசவில்லை. "கிடை மாத்திப் போறப்ப இப்பிடித்தான் இருக்கும்" என்று மட்டும் அப்புறம் சொன்னார்.

அந்த லீவின் கடைசி வாரத்தில் நான் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். வரைபடத்தின் ஒரு பக்கம் பெரும்புல்வெளி ஒன்று உண்டு. அங்கே காட்டெருமைகள் மேயும். மொத்தம் இருபதுதான். மற்ற மிருகங்களைக் கொன்றால் சில நாளில் வேறு வரும், இவை வராது. தெரியாமல் ஒவ்வொன்றாகச் சுட்டேன். இருபதும் விழுந்ததும் ஒரு கோப்பை கொடுத்தார்கள். மறுநாள் போய்ப் பார்த்தேன். புல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். அந்தக் கோப்பையின் பெயர் 'மேனிஃபெஸ்ட் டெஸ்டினி'. மேற்கு முழுவதும் தங்களுக்கென்றே விதிக்கப்பட்டது என்று 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கர்கள் சொல்லிக்கொண்ட வாசகம் அது. கோடிக்கணக்கில் இருந்த காட்டெருமைகள் 1880களின் முடிவில் ஏறக்குறைய ஆயிரம் என்ற கணக்குக்கு வந்தன. அவற்றை நம்பி வாழ்ந்த பூர்வகுடிகள் ஒதுக்கீட்டு நிலங்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். பாடப்புத்தகம் இதை எனக்குச் சொல்லியிருந்தால் பரீட்சையோடு மறந்திருப்பேன். காலியான புல்வெளி மறக்கவில்லை.

கதையின் முடிவில் மார்ஸ்டனுக்குக் குடும்பம் திரும்பக் கிடைக்கிறது. அவன் மகனோடு மாடு ஓட்டுகிறான், தானியத்துக்கு வரும் காக்கைகளை விரட்டுகிறான். அப்போதுதான் அரசாங்கப் படை வருகிறது. தன் கொட்டகைக் கதவைத் திறந்து வெளியே வந்து நிற்கிறான், சாகிறான். அன்று அண்ணன் கடைக்குத் திரும்பி வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு கலர் வாங்கிக் கொடுத்தார்.

2019இல் அதன் அடுத்த பாகம் கணினிக்கு வந்தபோது சென்னையில் வேலையில் இருந்தேன். அது முன்கதை, 1899இல் நடப்பது. ஆர்தர் மோர்கன், பனிமலை, சதுப்பு நிலம், நிலத்திலிருந்து துரத்தப்படும் வாபிட்டி மக்கள். குதிரையைத் தட்டிக்கொடுத்தால், தீனி வைத்தால், நாள்பட நாள்பட அது நம்மை நம்பும். எல்லாம் முன்னைவிட அழகு. பக்கத்தில் ஸ்டூல்தான் காலியாக இருந்தது. தாத்தா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆடுகளை அதற்கு முன்பே விற்றிருந்தார்; மேய்க்க இடம் இல்லை. கண்மாய்க்கு மேற்கே நாங்கள் கள்ளிப்பழம் பறித்த தரிசு முழுக்க மஞ்சள் பெயின்ட் அடித்த கல் ஊன்றி, பிளாட் போட்டுவிட்டார்கள்.

அந்த இரண்டு விளையாட்டுகளும் ஏன் 1870களில் நடக்காமல் 1899இலும் 1911இலும் நடக்கின்றன என்பது அந்தக் கல்லைப் பார்த்தபோதுதான் விளங்கியது. 1874இல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த சில வருஷங்களிலேயே திறந்த மேய்ச்சல் நிலங்களைக் கம்பிவேலி கூறுபோட்டது. 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இனி குடியேற்ற எல்லைக்கோடு என்று வரைய ஒன்றுமில்லை என்று அறிவித்துவிட்டது. மார்ஸ்டனும் மோர்கனும் வேலி வந்தபிறகு மிஞ்சியவர்கள். தாத்தாவும் அப்படித்தான்.

இந்த விளையாட்டுகளின் ஈர்ப்பு துப்பாக்கியில் இருக்கிறது என்று பலரும் சொல்கிறார்கள். துப்பாக்கி எத்தனையோ விளையாட்டில் இருக்கிறது. கேட்பாரில்லாமல் போக ஒரு வெளி இங்கேதான் இருக்கிறது. போகிறவன் மேகத்தையும் தண்ணீரையும் புல்லையும் பார்க்கப் பழகுகிறான்.

உங்கள் வீட்டுப் பிள்ளை சொன்ன வேலையைச் செய்யாமல் திரைக்குள் குதிரையைச் சும்மா நடத்திக்கொண்டிருந்தால், எங்கே போகிறாய் என்று கேட்காதீர்கள். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள். லீவு நாளில் ஒருமுறை, கல் ஊன்றாத நிலம் எங்காவது மிச்சமிருந்தால், காரணம் சொல்லாமல் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள்.